98 விழுக்காடு துல்லியம் என்றால், யாருக்கு, எதில்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். 41 வயதான உங்கள் அக்கா, கோலாலம்பூரில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடம் சலுகை விலையில் விற்ற முழு உடல் பரிசோதனைத் தொகுப்பை எடுத்திருக்கிறார். முடிவுத்தாளில், இரத்தத்தில் அளக்கப்படும் சிஏ-125 என்ற புற்றுநோய்க் குறியீட்டுக்கு நேரே 52 என்று வந்திருக்கிறது. வழக்கமான எல்லை 35 என்பதால் பக்கத்தில் தடித்த அச்சில், அளவு அதிகம் என்பதைக் குறிக்கும் 'எச்' என்ற எழுத்தும் விழுந்திருக்கிறது. விளக்கம் கேட்டதற்கு, முகப்பில் இருந்தவர் "இந்தச் சோதனை 98 விழுக்காடு துல்லியமானது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படியானால் அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் இருக்க 98 விழுக்காடு வாய்ப்பு உண்டா, இந்தத் துல்லியத்தை எப்படித்தான் அளக்கிறார்கள், வீட்டில் மற்றவர்களும் அதே தொகுப்பை எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு இல்லை என்பதே விடை. எந்த அறிகுறியும் இல்லாத, குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ வந்திராத 41 வயதுப் பெண்ணுக்கு, இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துச் சொன்னால், புற்றுநோய் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டைத் தாண்டாது. பெரும்பாலும் அதற்கும் கீழேதான் இருக்கும். அதற்காக முடிவுத்தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடச் சொல்லவில்லை, மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் 98 என்ற எண் எப்படி ஒன்றிரண்டாகச் சுருங்கியது என்பது புரிந்துவிட்டால், மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்த மாதிரிதான்.

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள் துல்லியம் என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட கேள்விகள் இருக்கின்றன. இரத்தத்தில் உண்மையிலேயே 52 அலகு இருந்ததா, இயந்திரம் தவறாகக் காட்டிவிட்டதா என்பது ஒன்று. இதற்காகத்தான் தினமும் நோயாளிகளின் மாதிரிகளைத் தொடுவதற்கு முன்பு, அளவு ஏற்கெனவே தெரிந்த மாதிரிகளை இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். நம் நாட்டில் ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியா வழங்கும் ஐஎஸ்ஓ 15189 தரச்சான்றும் ஆய்வுக்கூடத்தின் தரமும் திறமையும் பற்றியதே. 52 என்று தாளில் இருந்தால் அதை நம்பலாம் என்பதற்கு அது உறுதி தரும். அந்த 52 புற்றுநோயைக் குறிக்கிறதா, வேறு எதையாவது குறிக்கிறதா என்ற இரண்டாவது கேள்விக்கு எந்தத் தரச்சான்றும் விடை சொல்லாது. விளம்பரங்களில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை, குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. இதோடு தொடர்புடைய ஒரு நடைமுறைச் செய்தி: சிஏ-125-ஐ அளக்க ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெவ்வேறு எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவதால், ஒரே இரத்தம் இரண்டு இயந்திரங்களில் இரண்டு எண்ணைத் தரலாம். மறுசோதனை எடுப்பதாக இருந்தால், முடிந்தவரை அதே ஆய்வுக்கூடத்தில் எடுப்பது நல்லது.

இரண்டாவது கேள்வியை அளப்பதற்கு முதலில் ஓர் உரைகல் வேண்டும். நோய் உண்டா இல்லையா என்பதை, நாம் மதிப்பிட விரும்பும் சோதனையைச் சாராமல் சொல்லக்கூடிய ஒரு வழி அது. புற்றுநோய்க்குப் பெரும்பாலும் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே உரைகல். பிறகு ஒரு கூட்டம் மனிதர்களுக்குச் சோதனையையும் உரைகல்லையும் சேர்த்தே நடத்தினால், அவர்கள் நான்கு கட்டங்களில் விழுவார்கள்: நோயும் இருந்து சோதனையும் பாசிட்டிவ் ஆனவர்கள், நோய் இருந்தும் நெகட்டிவ் ஆனவர்கள், நோய் இல்லாமல் பாசிட்டிவ் ஆனவர்கள், நோயும் இல்லாமல் நெகட்டிவ்வும் ஆனவர்கள். நோய் இருப்பவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடித்தது என்பது உணர்திறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிட்டது என்பது தனித்தன்மை. ஆங்கில அறிக்கைகளில் நீங்கள் பார்க்கும் சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி இவைதான். காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரே எடுத்துப் படிக்கும் முறைகளை ஒப்பிட்ட ஜேக்கப் யெருஷல்மி என்ற புள்ளியியலாளர், 1947இல் எழுதிய கட்டுரையில் இவற்றை இப்படிப் பிரித்துக் காட்டினார். ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் படித்தால் ஒருவர் கண்டதை மற்றவர் காணாமல் விடுவதும், ஒரே மருத்துவர் மறுமுறை படிக்கும்போது மாற்றிச் சொல்வதும் அந்தக் காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தன.

இந்த இரண்டு அளவும் நோய் இருக்கிறதா இல்லையா என்பது முன்கூட்டியே தெரிந்தவர்களிடமிருந்து தொடங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். உங்கள் அக்காவின் நிலை தலைகீழானது: சோதனை முடிவு கையில் இருக்கிறது, நோய்தான் தெரியாது. பாசிட்டிவ் ஆனவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்பதே அவருக்கு வேண்டிய எண். அதற்கு முன்கணிப்பு மதிப்பு என்று பெயர். அதைக் கணக்கிட, சோதனையின் குணம் மட்டும் போதாது, சோதிக்கப்படுகிறவர்களிடையே அந்த நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். மாதவிடாய் நின்ற பெண்களில் எந்த ஒரு நேரத்திலும் சுமார் 2500 பேரில் ஒருவருக்குக் கண்டறியப்படாத சினைப்பைப் புற்றுநோய் இருக்கும் என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. உங்கள் அக்காவின் வயதில் அது இன்னும் அரிது. அப்படியானால் 10,000 பெண்களில் 4 பேருக்கு நோய் இருக்கிறது. விளக்கத்துக்காகச் சோதனையின் உணர்திறனை 75 விழுக்காடு என்றும் தனித்தன்மையை 98 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள 4 பேரில் 3 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 9996 பேரில் 2 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 200 பேர், தவறாகப் பாசிட்டிவ் ஆவார்கள். ஆக 'எச்' என்ற எழுத்தோடு வீட்டுக்குப் போகும் 203 பெண்களில் உண்மையான நோயாளிகள் 3 பேர், அதாவது நூற்றுக்கு ஒன்றரை.

முகப்பில் இருந்தவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இந்தக் கணக்கில் சரியாக விடப்பட்ட 9796 பேரையும் சரியாகப் பிடிபட்ட 3 பேரையும் கூட்டினால் 9799. பத்தாயிரத்துக்கு அது கிட்டத்தட்ட 98 விழுக்காடு. "98 விழுக்காடு துல்லியம்" என்று தாராளமாக அச்சடிக்கலாம். ஆனால் இரத்தமே எடுக்காமல், வருகிற எல்லோருக்கும் "உங்களுக்குப் புற்றுநோய் இல்லை" என்று தாள் அடித்துக் கொடுக்கும் ஒரு கடையை நான் செந்தூலில் திறந்தால், என் துல்லியம் 99.96 விழுக்காடாக இருக்கும், ஒரு நோயாளியைக்கூடக் கண்டுபிடிக்காமலேயே. ஒற்றை எண்ணில் சொல்லப்படும் துல்லியத்தை நான் மதிப்பதில்லை. எந்தச் சோதனைக்கு அப்படிச் சொன்னாலும், உணர்திறன் எவ்வளவு, தனித்தன்மை எவ்வளவு, யாரிடம் அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் தடுமாறியதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. 1978இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இதே மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய், நோயில்லாதவர்களில் 5 விழுக்காட்டினருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் சோதனை. ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? அதிகம் பேர் சொன்ன விடை 95 விழுக்காடு. சரியான விடை ஏறத்தாழ 2 விழுக்காடு, அதைச் சொன்னவர்கள் 11 பேர்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பாசிட்டிவ் முடிவு எதையுமே நம்பக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு எதிர்ப்பக்கமாகவும் புரளும், அதற்கு நம் ஊர் டிங்கி சோதனையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. காய்ச்சலோடு கிளினிக்கிற்குப் போனால் விரல் நீளப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் இரத்தச் சொட்டு விட்டு, 'சி' என்ற எழுத்துக்கு நேரே ஒரு கோடும் 'டி'க்கு நேரே இன்னொரு கோடும் விழுகிறதா என்று பார்ப்பார்கள். கோவிட் காலத்து ஆர்டிகே பெட்டியைப் பார்த்த எவருக்கும் பழகிய காட்சிதான். வைரஸ் வெளிவிடும் என்எஸ்1 என்ற புரதத்தை அது தேடுகிறது. டிங்கி பரவியிருக்கும் ஒரு குடியிருப்பிலிருந்து காய்ச்சலோடு 100 பேர் வருகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு டிங்கி என்று கொள்வோம். சோதனையின் உணர்திறன் 70, தனித்தன்மை 98 என்றால், 35 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், ஒருவர் தவறாகப் பிடிபடுவார். பாசிட்டிவ் வந்த 36 பேரில் 35 பேருக்கு டிங்கி உறுதி. அக்காவின் கணக்கில் இருந்த அதே 98 விழுக்காடு தனித்தன்மைதான். உணர்திறன் சற்றுக் குறைவும்கூட. ஆனால் நூற்றுக்கு ஒன்றரையாக இருந்தது இங்கே 97 ஆகிவிட்டது. மாறியது வாசலில் வந்து நின்றவர்கள் யார் என்பது மட்டும்தான்.

ஆபத்து இங்கே நெகட்டிவ் முடிவில் இருக்கிறது. பிடிபடாத 15 பேரும் நோயில்லாத 49 பேரும் சேர்ந்து 64 பேர் நெகட்டிவ் தாளோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு டிங்கி இருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களில் என்எஸ்1 நன்றாகத் தெரியும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு மங்கும். முன்பு ஒருமுறை டிங்கி வந்தவருக்கு மறுபடி வந்தால், உடலில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் சோதனையின் உணர்திறன் இன்னும் குறையும். நான்கு வகை டிங்கி வைரஸும் சுற்றும் நாட்டில் இரண்டாவது தொற்று அரிதல்ல, மோசமாகிற வாய்ப்பும் அதில்தான் அதிகம். அதனால்தான் கோடு விழாவிட்டாலும் மருத்துவர் நாளைக்கு வந்து மறுபடி இரத்தம் கொடுக்கச் சொல்லி, தட்டணுக்களையும் வெள்ளணுக்களையும் எண்ணிப் பார்க்கிறார். காசு பிடுங்கத்தான் இழுக்கிறார் என்று இதை முணுமுணுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் மருத்துவர் பக்கம்தான் நியாயம்.

இனி எல்லைக்கோடு. 35 என்பதை யார் போட்டார்கள்? எல்லையைக் கீழே இறக்கினால் அதிக நோயாளிகள் பிடிபடுவார்கள், நோயில்லாதவர்களும் கூடவே மாட்டிக்கொள்வார்கள். மேலே ஏற்றினால் இரண்டும் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதைப் பெற முடியும். எல்லையை ஒவ்வோர் இடமாக நகர்த்திக் கிடைக்கும் உணர்திறனையும் தவறான பாசிட்டிவ் வீதத்தையும் ஒரு வரைபடத்தில் குறித்தால் வருவது ஆர்ஓசி வளைகோடு. இரண்டாம் உலகப்போரின் ரேடார் வேலையில், திரையில் தெரியும் புள்ளி விமானமா வெறும் இரைச்சலா என்று பிரிக்கும் சிக்கலிலிருந்து பிறந்தது. கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதற்கும் சோதனைக்கும் வேறுபாடில்லை, 1 என்றால் குறையே இல்லாத பிரிப்பு. ஆனால் அந்த வளைகோட்டில் எந்தப் புள்ளியில் நிற்பது என்பதைக் கணிதம் சொல்லாது. எதைத் தவறவிடுவது அதிகக் கேடு என்று பார்த்து மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். நீரிழிவுக்கான எச்பிஏ1சி சோதனையைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை 6.5 விழுக்காடு, மலேசியச் சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டியில் 6.3. ஒருவருக்கு 6.4 வந்தால், பங்சார் மருத்துவர் நம் வழிகாட்டிப்படி அதை நீரிழிவு எல்லைக்குள் வைத்து மறுசோதனை கேட்பார், 6.5-ஐப் பின்பற்றும் சென்னை மருத்துவர் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பார். இரத்தம் ஒன்றுதான். போதாக்குறைக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தச்சோகை இருந்தால் அந்த அளவு கொஞ்சம் உயர்ந்தும் தெரியலாம்.

உங்கள் இரண்டாவது கேள்வியின் கடினமான பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். உணர்திறனும் தனித்தன்மையும் சோதனையோடு ஒட்டிப் பிறந்த மாறாத எண்கள் என்று பாடநூல்களே சில நேரம் எழுதிவிடுகின்றன. உண்மையில் அவை யாரிடம் அளக்கப்பட்டன என்பதைப் பொறுத்து வெகுவாக ஆடும். அக்காவின் தொகுப்பில் சிஇஏ என்று இன்னொரு குறியீடும் இருந்திருக்கும். 1965இல் மாண்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்தது அது. 1969இல் வந்த முதல் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய் இருந்த 36 பேரில் 35 பேருக்குச் சோதனை பாசிட்டிவ் ஆனது. மற்றவர்களில் ஏறத்தாழ யாருக்குமே ஆகவில்லை. பெருங்குடல் புற்றுநோயை இனி ஒரு துளி இரத்தத்தில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. பிறகு தொடக்க நிலைப் புற்றுநோய் உள்ளவர்களையும், கல்லீரல் நோயும் குடல் அழற்சியும் உள்ளவர்களையும், புகைப்பவர்களையும் சேர்த்து அளந்தபோது அந்தப் பளபளப்பு போய்விட்டது: தொடக்க நிலையில் பலருக்கு அளவு உயரவில்லை, புற்றுநோயே இல்லாத பலருக்கு உயர்ந்திருந்தது. நோய் முற்றியவர்களை ஒரு பக்கமும் நோயற்றவர்களை மறுபக்கமும் நிறுத்தினால் எந்தச் சோதனையும் கெட்டிக்காரச் சோதனையாகத்தான் தெரியும். மருத்துவருக்கு உதவி தேவைப்படுவதோ இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களிடம். சிஇஏ இன்றும் பயனுள்ளதே. ஆனால் புற்றுநோய் உறுதியாகிச் சிகிச்சை பெற்றவரைக் கண்காணிக்க.

இன்னொரு பொறி, உரைகல்லை எல்லோருக்கும் நடத்தாமல் விடுவது. புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ சோதனையில் 4க்கு மேல் வந்தவர்களுக்கு மட்டுமே வழக்கமாகத் திசு எடுத்துப் பார்ப்பார்கள். 4க்குக் கீழே வந்தவர்களை யாரும் தொடுவதில்லை என்பதால், அவர்களில் தப்பவிடப்பட்ட நோயாளிகள் எந்தக் கட்டத்திலும் எண்ணப்படவில்லை. உணர்திறன் காகிதத்தில் உயர்ந்தே நின்றது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய தடுப்பு ஆய்வில், அளவு எதுவாக இருந்தாலும் இறுதியில் திசு எடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். 2004இல் முடிவு வந்தபோது, பிஎஸ்ஏ ஒருபோதும் 4-ஐத் தாண்டியிராத 2950 ஆண்களில் 15.2 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் இருந்தது தெரிந்தது. எண்ணிக்கை சிறிதாக இருப்பதும் ஏமாற்றும். 30 நோயாளிகளில் 30 பேரையும் பிடித்தோம் என்று ஒரு பெட்டியில் 100 விழுக்காடு என்று போட்டிருந்தால், உண்மையான உணர்திறன் சுமார் 90 வரை கீழே இருக்கவும் இடமுண்டு. இப்படிப்பட்டவற்றை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதற்காகவே சோதனைகளின் துல்லியத்தை அளக்கும் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஸ்டார்ட் (STARD) என்ற நெறிமுறை 2003இல் வந்து 2015இல் புதுப்பிக்கப்பட்டது. விற்பனைத் துண்டறிக்கைகளுக்கு அது பொருந்தாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தொகுப்புகளில் மட்டும் உள்ள ஒரு சிக்கலும் உண்டு. பல சோதனைகளின் இயல்பளவு, நோயற்றவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும் எல்லையாக வரையறுக்கப்படுகிறது. அப்படியானால் முழு நலத்தோடு இருப்பவருக்கும் ஒவ்வொரு சோதனையிலும் இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு, எல்லைக்கு வெளியே விழ. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், குறைந்தது ஒன்றாவது தடித்த அச்சில் வர 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 40 சோதனைகள் என்றால் 87. "எழுபது சோதனை, ஒரே விலை" என்ற விளம்பரம் உண்மையில் விற்பது என்ன என்று இதைக் கொண்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தவறான பாசிட்டிவ் வெறும் மனக்கவலையோடு முடிந்துவிட்டால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையிலான 78,216 பெண்களைச் சேர்த்து, ஒரு பாதிக்குச் சிஏ-125-உம் ஸ்கேனும் ஆண்டுதோறும் செய்து, மறு பாதியை வழக்கமான கவனிப்பில் விட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை சோதனை செய்த பக்கம் குறையவில்லை. தவறான பாசிட்டிவ் வந்த 3285 பேரில் 1080 பேர் அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார்கள், அவர்களில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு ஒன்றாவது ஏற்பட்டது. இவர்கள் யாருக்கும் சினைப்பைப் புற்றுநோய் இல்லை.

ஆகவே அக்கா செய்ய வேண்டியது: மகளிர் நோய் மருத்துவர் ஒருவரைப் பார்த்து, இரத்தம் எடுத்த அன்று மாதவிடாய் இருந்ததா, அடிவயிற்றில் வலியோ நீங்காத உப்புசமோ உண்டா, தாய்வழியிலும் தந்தைவழியிலும் யாருக்கெல்லாம் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்தது என்ற விவரங்களைச் சொல்ல வேண்டும். மாதவிடாய், கருப்பை நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், அடிவயிற்று அழற்சி, கர்ப்பம், கல்லீரல் சுருக்கம் எல்லாமே சிஏ-125-ஐ உயர்த்தும். மாதவிடாய் நிற்காத பெண்களில் 52 என்பது இவற்றில் ஏதோ ஒன்றாக இருப்பதே வழக்கம். மருத்துவர் அநேகமாக ஸ்கேன் எடுக்கச் சொல்வார், சில வாரம் கழித்து மாதவிடாய் இல்லாத நாளில் மறுசோதனை கேட்பார். அறிகுறி இருந்தாலோ, குடும்பத்தில் நோய் இருந்தாலோ நான் மேலே போட்ட கணக்கு செல்லாது, ஏனென்றால் அப்போது 2500இல் ஒன்று என்ற தொடக்கப் புள்ளியே தவறு. அந்த நிலையில் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் மற்றவர்கள் அந்தத் தொகுப்பை எடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்தத் தாளில் சர்க்கரை அளவுக்கு நேரே 'எச்' விழுந்திருந்தால் நான் அதை அதிகம் நம்பியிருப்பேன்: 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, 50 வயதைக் கடந்தவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் சோதனை, பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனை ஆகியவற்றை அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலேயே கேட்டுப் பெறலாம். சலுகை முடிகிறது என்று யாரும் அவசரப்படுத்தவும் மாட்டார்கள்.